இரண்டாவது இடது காது

வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும், வேறு எதையும் நினைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டுதான் அமலி குழியின் குறுக்கே போட்டிருந்த பலகைமேல் குப்புறப் படுத்தாள். வலது கையைத் தோள்வரைக்கும் தாழிக்குள் விட்டதுமே நினைப்பு வந்துவிட்டது. உள்ளே இருந்த மண்ணின் குளிர்ச்சி விரல் வழியாக ஏறுகிற மாதிரி அதுவும் ஏறி வந்தது. இந்நேரம் டென்சில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியிருப்பான். எஸ்லினின் தொப்பி பஸ்ஸிலேயே விழுந்திருக்கும், அவன் கவனித்திருக்க மாட்டான். டோக்கன் போட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கிற பொம்பளைகள் என்ன பிள்ளை இப்படி வெளுத்திருக்கு என்று கேட்டால் காய்ச்சல் என்று ஒரு பொய் சொல்லி, பிள்ளையின் ரத்தத்தைப் பிரித்துப் பார்த்த முடிவை இன்றைக்குத் தருவதாகச் சொன்ன அறைக்கு வெளியே காத்திருப்பான். காத்திருக்கட்டும். மெஷின் கெட்டுப்போயிருக்கட்டும், டாக்டர் லீவில் போயிருக்கட்டும், நாளைக்கு வாங்க என்று சொல்லட்டும். நாளைக்கு வாங்க என்று ஒருவர் சொல்வதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று அவளுக்கு முன்னால் தெரியாது. நீயும் வந்தா என்ன என்று காலையில் டென்சில் கேட்டான். தாழியைத் திறந்தாச்சு அத்தான், இன்னைக்கு முடிக்கலைன்னா எலும்பு வெடிச்சுப் போயிரும் என்றாள். செத்த பிள்ளை ஒரு நாள் பொறுக்காதாக்கும், இத்தனை வருஷம் பொறுத்திருக்குல்லா என்றான் அவன், கோபமில்லாமல், தொப்பியின் கயிறைப் பிள்ளையின் தாடைக்குக் கீழே முடிந்துகொண்டே. அவள் சொன்னது பொய்யும் இல்லை. மூடிக்கல்லை நேற்று சாயங்காலம் தூக்கிவிட்டார்கள், தூக்கிய பிறகு நிறுத்த முடியாது, மண்ணுக்குள் அத்தனை காலம் ஈரத்தில் கிடந்த எலும்பு காற்றைக் குடித்ததும் அப்பளம் மாதிரி ஆகிவிடும். குடத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிய தாழி, ஆண்பிள்ளைகளின் கை உள்ளே போகாது. அமலியோட கை நமக்குக் கிடைச்ச கருவி என்று அகழாய்வை நடத்துகிற மதிவாணன் சார் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். எல்லாம் உண்மை. ஆனாலும் அந்த அறைக்கு வெளியே உட்காரப் பயந்துதான் இங்கே வந்து குப்புறப் படுத்திருக்கிறாள் என்பதும் உண்மை. அதைவிடப் பெரிய உண்மை ஒன்று பலகைக்கும் முதுகுக்கும் நடுவில் அமுங்கிக்கொண்டிருந்தது, டென்சிலுக்குத் தெரியாதது, யாருக்குமே தெரியாதது. பலகை அழுத்துகிறதே என்று இடுப்பைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டாள். ஒன்பது வாரம். அவ்வளவு சின்னதற்குப் பலகை உறைக்காது. இருந்தாலும் தூக்கிக்கொண்டாள்.

முதலில் அவளுக்கே தெரியவில்லை. பால் குடுக்கிறவரைக்கும் வராது என்று எல்லோரும் சொல்வதுதானே, வராததை அவள் கணக்கில் எடுக்கவில்லை. காட்டிக்கொடுத்தது மண்தான். ஒரு மத்தியானம் சல்லடைப் பக்கம் தண்ணீர் தெளித்தபோது எழுந்த வாசனைக்கு வாயில் எச்சில் ஊறியது, குழைந்த மண்ணை ஒரு கிள்ளு நாக்கில் வைத்தால் என்ன என்று தோன்றியது, அப்படியே சில்லிட்டுப்போனாள். எஸ்லினைச் சுமந்தபோதும் இப்படித்தான், கழுவிக் காயவைத்த பானை ஓட்டில் ஒரு சில்லை யாருக்கும் தெரியாமல் கடித்திருக்கிறாள், எந்த ராஜா காலத்துப் பானையோ, பல்லில் கரகரவென்று கரைந்தது. இப்போதும் தாழிக்குள்ளிருந்து அந்த வாசனை குபுகுபுவென்று வருகிறது, குமட்டுகிறது, வேண்டும் என்றும் இருக்கிறது. மூங்கில் குச்சியால் மண்ணைக் கிளறி, பிரஷ்ஷால் ஒதுக்கி, ஒதுக்கியதைக் கரண்டியில் அள்ளி மேலே பக்கெட்டில் போட்டாள். இரும்பு எலும்பில் படக் கூடாது, கீறிவிடும். மண்டை ஓட்டின் முன்பக்கம் இரண்டாக உடைந்து முகம் கீழே கவிழ்ந்து கிடந்தது. துண்டை எடுத்துத் திருப்பினாள். திருப்பியிருக்க வேண்டாம். கண்குழியின் மேல்கூரை வழவழவென்று இருக்க வேண்டிய இடத்தில் ஆப்பத்தின் நடுவில் விழுமே, அந்த மாதிரி பொடிப்பொடியாக ஓட்டைகள். நெற்றி எலும்பு அந்த வயதுக்கு ஆகாத தடிமன். படித்ததுதான், பரீட்சையில் எழுதியதுதான்: ரத்தம் போதாதபோது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை பேயாக வேலை செய்யும், செய்து செய்து வீங்கும், வீங்கி எலும்பை உள்ளிருந்து தள்ளும், தின்னும். பக்கம் பக்கமாகப் படித்தவளுக்கு வீட்டில் தொட்டிலில் கிடந்த நெற்றி தெரியவில்லை. அத்தைக்குப் பெருமை, எங்க வீட்டு நெத்தி அப்படியே வந்திருக்கு பாரு, இது கலெக்டர் நெத்தியாக்கும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் எஸ்லினின் முன்முடியை ஒதுக்கிக் காட்டுவாள். அமலியும் சிரித்தாள். குளிப்பாட்டும்போது உள்ளங்கை அந்த நெற்றிமேல் போய்வரும், சோப்பு வழுக்கும், நல்ல அகலம் என்று அவளும் நினைத்துக்கொண்டாள். டாக்டரம்மா அப்படிப் பார்க்கவில்லை. உள்ளே நுழைந்ததும் பிள்ளையின் நெற்றியைப் பார்த்தாள், கீழிமையை இழுத்துப் பார்த்தாள், வயிற்றை அமுக்கினாள், பிறகு பிள்ளையை விட்டுவிட்டு இவர்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். சொந்தத்துலயா கட்டியிருக்கீங்க? அத்தை மகன் என்று அமலிதான் சொன்னாள், வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்கிற குரலில். டாக்டரம்மா தலையாட்டிக்கொண்டு ஏதோ எழுதினாள். தலசீமியாவா இருக்கான்னு பாத்துருவோம், உங்க ரெண்டு பேருக்கும் சேத்துப் பாத்துருவோம் என்றாள். பேரைக் கேட்டதும் அமலிக்கு ஒரு கிரேக்க ஊரின் பேரைக் கேட்ட மாதிரி இருந்தது, பழைய மேப்பில் கடலோரத்தில் ஒரு சின்னப் புள்ளி.

அதைப் பற்றி நினைக்க வேண்டாம் என்று குச்சியை மாற்றிப் பிடித்தாள். அத்தை மகன். வேறு யாரைக் கட்டியிருப்பாள்? டென்சில் அத்தான் என்று கூப்பிட்டுத்தான் பேசவே பழகினாள். சர்ச்சில் சொந்தத்துக்குள் கட்டுவதற்கு ஆயரின் அனுமதி வேண்டும், பங்குச்சாமி இரண்டு வீட்டையும் உட்காரவைத்து, ஏய்யா, இந்தப் பிள்ளைக்கு வெளியில மாப்பிள்ளையே அகப்படலையா என்று கேட்க, அத்தை முந்திக்கொண்டு, அகப்படும் சாமி, எனக்குல்லா இவளை மாதிரி மருமகள் அகப்பட மாட்டா என்றாள், சாமியே சிரித்துவிட்டார். ஆயர் அனுமதி கொடுத்தார். அவர் விலக்கியது விதியைத்தான், ரத்தத்தை யார் விலக்குவது. இவளுக்குள் பாதி, அவனுக்குள் பாதி, இரண்டும் ஒரே ஆத்தாவிடமிருந்து இறங்கி வந்து இரண்டு வீட்டில் தனித்தனியாக ஒரு வம்பும் பண்ணாமல் கிடந்து, ஒரே கட்டிலில் சேர்ந்த அன்றைக்கு முழுசாகிவிட்டது. ஆகியிருக்கலாம். இருக்கலாம் என்று சொல், அமலி. இன்னும் முடிவு வரவில்லை. இருக்கலாம் என்கிற வார்த்தையை இந்த வேலையில்தான் அவள் கற்றுக்கொண்டாள், மதிவாணன் சாரின் கட்டுரைகளில் வரிக்கு வரி அது வரும்: இங்கே ஒரு குடியிருப்பு இருந்திருக்கலாம், இவர்கள் கடல் வணிகரோடு தொடர்பு கொண்டிருக்கலாம், இந்தக் கண்குழித் துளைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவோ, குடல்புழுவோ, மலேரியாவோ, பிறவி ரத்தக்கோளாறோ காரணமாக இருக்கலாம். எவ்வளவு இடவசதி உள்ள வார்த்தை. ஒரு கூட்டமே அதற்குள் பாய் விரித்துப் படுக்கலாம். ஆஸ்பத்திரியில் அந்த வார்த்தை கிடையாது, அங்கே ஒரு தாளை நீட்டுவார்கள், அதில் உண்டு இல்லை இரண்டுதான். கான்வென்ட்டில் சிஸ்டர் பெனிக்னா எடுத்த சரித்திரத்திலும் அது கிடையாது. நாகரிகங்களின் வீழ்ச்சிக்கான காரணங்கள், ஐந்து மார்க்: வெள்ளம், வறட்சி, படையெடுப்பு, கொள்ளைநோய், வணிகத்தின் சரிவு. மேப்பில் நைல் நதிக்கு நீலம் தீட்டுவார்கள், கரைக்குப் பச்சை. ஐந்து காரணத்தையும் எழுதிவிட்டு அடிக்கோடு போட்டால் ஃபுல் மார்க். அந்த ஐந்துக்குள் எங்கேயும் ஒரு பொம்பளை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியதாக இல்லை. வீழ்ந்தது என்றுதான் இருக்கும், யாரும் சாக மாட்டார்கள். நானூறு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பகுதி மக்களற்றுப் போயிற்று என்று ஒரு வரி. மக்களற்று. எஸ்லின் இல்லாத வீட்டில் தொட்டில் கயிறு மட்டும் தொங்கும், அதைக் கழற்றுவதற்கு யாருக்குக் கை வரும், அத்தை கழற்ற மாட்டாள், டென்சில் ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டு அப்படியே நிற்பான். சீ. என்ன நினைப்பு இது. பிள்ளை உயிரோடு இருக்கும்போதே. அவசரமாக ஜெபத்தை ஆரம்பித்தாள், அருள் நிறைந்த என்று வேகமாக ஓட்டிக்கொண்டு வந்தவள் இப்பொழுதும் என்கிற சொல்லில் வந்து இடறினாள், அதற்கு அடுத்து மரண வேளை வருகிறது, அதைச் சொல்லக் கூடாது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். திரும்பவும் அங்கேயே வந்து நின்றது.

மேலே சல்லடையடியில் பேச்சிக்கனி அக்கா வேடிக்கை பார்க்க வந்த யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள். தங்கம் கிடைச்சுதா என்று அந்த ஆள் கேட்டிருக்க வேண்டும், எல்லோரும் கேட்பதுதான். ஆமா, ஏழு குடம், போகும்போது ரெண்டு எடுத்துட்டுப் போ, பொண்டாட்டி சந்தோசப்படுவா என்றாள் அக்கா. அந்த ஆள் விடவில்லை, எத்தனை வருஷம் பழசு, எகிப்தைவிடப் பழசுங்காங்களே? எனக்கென்ன தெரியும், நான் பொறக்கையிலேயே பழசுதான். அமலிக்குச் சிரிப்பு வந்தது. டிவிக்காரர்கள் வந்தாலும் இதே கேள்விதான், இரண்டாயிரத்து ஐந்நூறா, மூவாயிரமா, இன்னும் கொஞ்சம் கூட வருமா சார் என்று பேரம் பேசுகிற மாதிரி கேட்பார்கள். தாழிக்குத்தான் அந்த வயசெல்லாம். உள்ளே கிடப்பதற்குப் பத்து மாதம், கூடிப்போனால் ஒரு வருஷம். அக்கா குழிக்கு மேலே வந்து குனிந்தாள். ஏ பிள்ளே, கை மரத்துப்போகலையா? கொஞ்சம் எந்திரிச்சு டீயைக் குடி. வேண்டாம்க்கா, போன் வந்துச்சா? வந்தா நான் என்ன மடியில கட்டிக்கிட்டா இருப்பேன், ஓடி வந்து குடுக்க மாட்டேனா? அமலி போனை அவளிடம்தான் கொடுத்திருந்தாள், கையில் உறை, உறையெல்லாம் சேறு. அக்கா போகாமல் நின்றாள். உள்ள கிடக்கதுக்கு என்ன மரியாதை, என்ன பதவிசு! எங்க ஊர்ல உசிரோட கிடக்கதை ஒருத்தன் இப்படித் தொட்டு எடுத்ததில்ல என்று சொல்லிவிட்டு, சொன்னது இன்றைக்குச் சரியில்லை என்று பட்டதோ என்னவோ, பிள்ளைக்கு ஒண்ணும் இருக்காது, காமாலையா இருக்கும், கீழாநெல்லி குடுத்தா ஓடிரும் என்று சேர்த்துக்கொண்டாள். அமலி மண்ணுக்குள்ளிருந்து தலையாட்டினாள். காமாலையாக இருக்கலாம். ஆறு மாதம்வரைக்கும் எஸ்லின் கொழுக்கட்டை மாதிரிதான் இருந்தாள். வயிற்றுக்குள் கிடந்தபோது ஓடிய ரத்தம் ஒரு வகை, பிறந்தபிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகப் போய் வேறு வகை ஊற வேண்டும், பழையது தீர்கிறவரைக்கும் பிள்ளை ஜோராக இருக்கும், அதற்குப் பிறகுதான் தெரியும் என்று டாக்டரம்மா சொன்னாள். அப்படியானால் அந்த ஆறு மாதம் எல்லோரும் கொஞ்சியது மிச்சம் இருந்ததை. தாய் கொடுத்தனுப்பிய கட்டுச்சோறு. அது தீர்ந்த அன்றைக்குப் பிள்ளை தானாகச் சமைக்கத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டது.

இடது காதின் எலும்பை முதலில் எடுத்தாள். வெளிக்காது இல்லை, மண்டைக்குள் காதைப் பொதிந்துவைத்திருக்கும் எலும்பு, உடம்பிலேயே கெட்டி அதுதான், மற்றதெல்லாம் மாவாகிப் போனாலும் அது கூழாங்கல் மாதிரிக் கிடக்கும். கிடைத்தால் கையுறையோடு எடுத்துத் தனிக் கவரில் போட வேண்டும், லேபுக்குப் போகும், பரம்பரை என்ன, யாருக்கு யார் உறவு, சில நோயைக்கூட அதைத் துளைத்துப் பொடி எடுத்துத்தான் பார்ப்பார்கள். போட்டாள். கொஞ்சம் தள்ளி வலது காதின் எலும்பு, அதையும் போட்டாள். அடியில் விரல் வேறு மாதிரி மண்ணைத் தொட்டது. இதுவரை வந்தது களிமண் கலந்த சிவப்பு, இது நொறுநொறுவென்று ஆற்று மணல், யாரோ சலித்துப் போட்ட மாதிரி ஒரே சீராக, ஒரு விரல்கடை கனத்துக்கு. மணல் தானாக வந்து இப்படிச் சமமாகப் படுக்காது. அதையும் வழித்து எடுத்தாள். மணலுக்குக் கீழே மறுபடி எலும்பு, முன்னதைவிடக் கொஞ்சம் பெரியது, அதன் பக்கத்தில் புளியங்கொட்டை அளவில் ஒன்று உருண்டது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கல்லா? மண் அப்பியிருந்தது, தெரியவில்லை. முன்காலத்தில் சந்தேகம் வந்தால் நாக்கில் வைத்துப் பார்ப்பார்களாம், கல் வழுக்கிப் போகும், எலும்பு ஒட்டும். இப்போது யாரும் அதைச் செய்வதில்லை, செய்யவும் கூடாது, எச்சில் பட்டால் லேபில் எச்சில்காரியின் ரத்தம்தான் தெரியும். இதெல்லாம் அவளே புதிதாக வந்த மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். வாய்மூடி கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஈர மண்ணின் வாசனை மூக்குக்கு நேரே இருந்தது, எச்சில் ஊறியது, வயிற்றுக்குள் இருந்த ஏதோ ஒன்று அவளைக் கேட்காமல் அவள் கையை உயர்த்தியது. நாக்கில் வைத்தாள். ஒட்டியது. பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவு ஒட்டியது.

எலும்புதான். துடைத்துத் திருப்பிப் பார்த்தாள். இடது. கவரில் இருப்பதும் இடது. ஒரு பிள்ளைக்கு இடது காது ஒன்றுதான். எத்தனை பேர் என்று தெரியாத குவியலில் எண்ணுவது இப்படித்தான், ஒரு ஆளுக்கு ஒன்றே ஒன்று இருக்கிற எலும்பைத் தேடி எண்ணு, அது இரண்டு வந்தால் ஆள் இரண்டு. மேலே கிடந்தது சின்னது, கீழே கிடப்பது கொஞ்சம் பெரியது. ஒரே நாளில் வைத்திருந்தால் நடுவில் மணல் வராது. ஒன்றை வைத்து, மூடி, மண்ணைத் தள்ளி, வீட்டுக்குப் போய், சமைத்து, படுத்து, மறுபடி ஒன்று பிறந்து, அது கொழுக்கட்டை மாதிரி வளர்ந்து, எல்லோரும் கொஞ்சி, பிறகு அதன் கீழிமையும் வெளுத்து. மறுபடி இந்தப் பரம்பு மேட்டுக்கு வந்து, இத்தனை தாழிக்கு நடுவில் தன் தாழி எது என்று தேடாமலே தெரிந்து, மூடிக்கல்லைத் தூக்கச் சொல்லி, முதல் பிள்ளையைப் பார்த்திருப்பாளா? பார்த்திருப்பாள். பார்க்காமலா மணலைப் போட்டாள். மூத்தது இளையதை முட்டாமல் இருக்கட்டும் என்று, சலித்த மணலை மடியில் கட்டிக்கொண்டு ஆற்றிலிருந்து ஏறி வந்திருப்பாள், அல்லது வராமலும் இருக்கலாம், தகப்பன் செய்திருக்கலாம், அவள் முன்னாலேயே செத்திருக்கலாம், தங்கையின் பிள்ளையாக இருக்கலாம், சம்பந்தமே இல்லாத இரண்டு பிள்ளைகளாக இருக்கலாம். எதையும் இந்த மண் சொல்லாது. சொல்லியிருக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான், இரண்டு இடது காதும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளா, இரண்டும் ஒரே ரத்தத்தால் போனதா என்று துளைத்துப் பார்த்தால் தெரிந்திருக்கும். பெரியதின் வலது காது அகப்படவில்லை, அகப்பட்ட இடதைத்தான் இப்போது நாக்கில் வைத்துவிட்டாள். இனி அதற்குள் தேடுகிறவர்களுக்கு அமலிதான் கிடைப்பாள், அமலியின் பாதி. கை தவறிச் செய்தாளா, தெரியக் கூடாது என்று செய்தாளா? தெரியவில்லை. வெயில் குழியின் விளிம்பைத் தாண்டி அவள் முழங்கையைத் தொட்டுவிட்டது, எலும்பு பளிச்சென்று தெரிந்தது, மூத்ததின் கண்குழியைத் திருப்பிப் பார்க்க வேண்டும், திருப்பினால் ஆப்பம் தெரியும், திருப்பாமல் பிரஷ்ஷை அதன்மேல் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தாள்.

அமலிம்மா, போட்டோ எடுத்துரலாமா என்று மதிவாணன் சார் வந்து நின்றார், அவருடைய நிழல் தாழிவாய்மேல் விழுந்தது, அது கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது. என்ன, உள்ள தூங்கிட்டியா? ரெண்டு சார் என்றாள். என்ன ரெண்டு? ரெண்டு பிள்ளை சார். நடுவுல மணல் போட்டிருக்காங்க. அவர் சட்டென்று மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்தார், அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை அமலி பார்த்தாள், அவரைக் குறை சொல்ல முடியாது, இரண்டு முறை திறந்த தாழி இந்தப் பக்கத்தில் இதுவரை கிடைத்ததில்லை. காது எலும்பு? ரெண்டுலயும் இருக்கா? அப்ப உறவே சொல்லிரலாமேம்மா! கீழ கிடந்ததைக் காட்டும்மா. அவள் காட்டவில்லை. அதை அனுப்ப முடியாது சார். ஏன்? என் எச்சில் பட்டுட்டு. எச்சிலா? எப்படி? பசிச்சுது சார் என்று சொன்னால் அவருக்குப் புரியாது, அது பொய்யும் இல்லை. சார் கண்ணாடியைக் கழற்றி, போட்டார். இந்தத் தப்பை நீயா, என்று மட்டும் சொன்னார். அப்போதுதான் பேச்சிக்கனி அக்கா போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, வந்துட்டு, வந்துட்டு, உங்க வீட்டுக்காரர்தான் என்று வரப்பு மேலெல்லாம் மிதித்து ஓடி வந்தாள்.

அமலி உறையைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கி நின்றுகொண்டு போனை வாங்கினாள். ஏட்டி அமலி என்றான் டென்சில். அவன் அப்படிக் கூப்பிட்டுப் பல மாதமாகிறது. அதிலேயே தெரிந்துவிட்டது. சொல்லுங்க அத்தான். ஒண்ணுமில்ல, பயப்படாத. அந்த அதுதான். மேஜர்னு போட்டிருக்கு. நமக்கு ரெண்டு பேருக்கும் மைனர்னு போட்டிருக்கு, நமக்கு ஒண்ணும் செய்யாதாம், பிள்ளைக்குத்தான். ரத்தம் ஏத்தணும், மாசாமாசம். எவ்வளவு நாளைக்கு? அவனுக்குப் பின்னால் யாரோ ஒரு பேரைக் கூப்பிட்டார்கள், கதவு அடித்துக்கொண்டது. எப்பவும்தானாம் என்றான். வேற வழி இருக்காம், அண்ணன் தம்பி எலும்புல இருந்து எடுத்து, அதெல்லாம் பொருந்தணுமாம், நமக்குத்தான் இல்லையே, நான் முழுசாக் கேட்டுக்கல. நீ இருந்திருந்தா உனக்கு வெளங்கியிருக்கும். அவன் குறையாகச் சொல்லவில்லை. இன்னொண்ணு கேட்டாங்க, அடுத்தது ஏதும் உண்டாயிருக்கான்னு. இல்லைன்னு சொல்லிட்டேன். இருந்தா இப்பவே பாக்கணுமாம், பன்னெண்டு வாரத்துக்குள்ள ஊசி போட்டுப் பாப்பாங்களாம், நாலுல ஒண்ணு இப்படித்தான் வருமாம். நமக்குத்தான் இல்லையே. இல்லைன்னு சொன்னது சரிதானேட்டி?

குழியின் நான்கு சுவரிலும் மண்ணின் அடுக்கு வரிவரியாகத் தெரிந்தது, சிவப்பு, சாம்பல், மறுபடி சிவப்பு. மேலே சாரும் அக்காவும் நின்றுகொண்டிருந்தார்கள், இரண்டு பேருமே வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருக்கு அத்தான் என்றாள். என்னது? இருக்கு. ஒன்பது வாரம் ஆகுது. அவன் மூச்சு விட்டது கேட்டது. எப்ப தெரியும் உனக்கு? தெரியும் என்றாள். நான் வெளிய வந்துட்டேனேட்டி, டோக்கன் முடிஞ்சிட்டு, ரோட்டுல நிக்கேன் என்றான், ஏதோ அதுதான் இப்போது தீர்க்க வேண்டிய கஷ்டம் என்கிற மாதிரி, பிறகு அவனே, சரி, போய்ச் சொல்லுதேன், கட் பண்ணாத, அவங்க ஏதும் கேட்டா நீ சொல்லு என்றான். போனைச் சட்டைப்பையில் போட்டிருக்க வேண்டும், உலகம் ஒரு துணிக்குப் பின்னால் போயிற்று. பஸ் ஹாரன், படிக்கட்டு, செருப்புச் சத்தம் வேகமாக. இப்போது வராந்தா, சத்தம் எதிரொலிக்கிறது. இப்போது வரிசையில் நிற்கிறவர்களை விலக்குகிறான், ஏங்க, நாங்க என்ன சும்மாவா நிக்கோம் என்று ஒரு பொம்பளை கத்துகிறாள். ஒரு நிமிஷம்க்கா, பிள்ளை சம்பந்தமா ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை. கதவு. பிறகு ஒரு நர்ஸின் குரல், எரிச்சலாக, பக்கத்தில் நிற்கிற மாதிரித் தெளிவாக: மறுபடி என்ன சார், இப்பத்தானே இல்லைன்னு சொல்லிட்டுப் போனீங்க?

அதற்கு அவன் சொன்னது துணிக்குள் அமுங்கிப்போனது. நாற்காலி இழுபட்டது. அதன் பிறகு வேறு ஒரு சத்தம், போனுக்கு மிக நெருக்கமாக, ஈரமாக, விட்டுவிட்டு. எஸ்லின் சட்டைப்பைக்குள் வாயை நுழைத்திருக்கிறாள். அமலி குழிக்குள் அசையாமல் நின்று, வெயில் தாழிக்குள் நேராக இறங்கி மூத்ததின்மேலும் இளையதின்மேலும் விழுவதைப் பார்த்தும் மூடாமல், அந்த மூச்சு வந்துகொண்டிருந்த வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.